கப்பியில் மாட்டிய கொடி

வெள்ளிப் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். பொங்கல் முடிந்த மறுவாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பெயிண்டைப் பூசுவார்கள். பனி இன்னும் விட்டுப்போகாத நாட்களாதலால் அது எளிதில் காயாது, தொட்டுத் தொட்டுப் பார்த்த எங்கள் உள்ளங்கைகளெல்லாம் மீன்செதில் போல மினுங்கிக்கொண்டிருக்கும். கம்பம் என்று நான் சொல்வது கடையில் வாங்கியதல்ல. தண்ணீர் தராமல் போன ஓர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து உருவியெடுத்த இரும்புக் குழாயை மைதானத்தின் நடுவில் நட்டு, உச்சியில் சின்னக் கப்பி ஒன்றைப் பொருத்தி, நைலான் கயிற்றை மாட்டியிருந்தார்கள். ஊரில் அதற்கு "போர் பைப்பு" என்றுதான் பெயர்.

நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், செம்மண்ணும் தைலமரக் காடும் முந்திரியும் சூழ்ந்த ஊர் எங்களுடையது. ஊருக்குள் நுழையும் இடத்தில் சாலையின் கிழக்குப் பக்கம் ஒரு கட்சியின் கொடிக்கம்பம், மேற்குப் பக்கம் மற்றக் கட்சியின் கொடிக்கம்பம். அவற்றின் அடியில் ஆளுக்கொரு டீக்கடை. இரண்டு கடைக்கும் ஒரே வீட்டு மாட்டின் பால்தான் போனது. ஆனால் கிழக்கே குடிப்பவர் மேற்கே குடிக்க மாட்டார். புதிதாய் ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வேட்டியின் "கரை"யைப் பார்ப்பார்கள். இழவு வீட்டில் போட்ட நாற்காலிகள்கூடக் காலையில் வரிசையாய்க் கிடந்து, மதியத்துக்குள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். எந்தக் கட்சியின் கரையும் இல்லாத துணி ஊருக்குப் பொதுவாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பள்ளிக்கூடத்தின் இரும்பு பீரோவில், பாச்சை உருண்டை வாசத்தோடு மடித்து வைக்கப்பட்டிருந்த தேசியக் கொடி.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்த கை என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை. அப்பா தைலமரம் வெட்டி லாரியில் ஏற்றும் வேலைக்குப் போவார். அம்மா ஆடு வைத்திருந்தாள், நூறு நாள் வேலைக்கும் போவாள். இருவரும் கைநாட்டுதான். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு பஸ்ஸேறி டவுனுக்குப் போக வேண்டும். அப்பா கோபக்காரர் அல்ல, ஆனால் ஒன்றைச் சொன்னால் அதிலிருந்து இறங்க மாட்டார். "எட்டு வரைக்கும் இந்த ஊர்ல இருக்கு, படி. ஒம்போதும் இங்கனயே வந்தா அதையும் படி. வயசுக்கு வந்த புள்ளையை பஸ்ஸுல ஏத்தி அனுப்ப என்னால முடியாது." என் வகுப்பில் பதினொரு பெண்கள் இருந்தோம். பதினொரு வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான்.

ஆகவே ஒன்பதாம் வகுப்பு எங்கள் ஊருக்கு வந்தாக வேண்டும். தலைமையாசிரியை, நாங்கள் "பெரிய டீச்சர்" என்று அழைத்தவர், இரண்டு வருடங்களாக அதற்காக அலைந்துகொண்டிருந்தார். பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கக் கேட்டுப் போன கோப்பில் ஒரே ஒரு தாள் மட்டும்தான் பாக்கி: பள்ளியை ஒட்டிக் கிடந்த ஊர்ப் புறம்போக்கைப் பள்ளிக்குக் கொடுப்பதாகக் கிராம சபை ஒருமனதாகப் போடும் தீர்மானம். நான் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டின் குடியரசு தினத்தன்று, கொடியேற்றி முடித்ததும் பள்ளி மைதானத்திலேயே கிராம சபை கூடி அதைப் போடுவதாக ஏற்பாடு. அந்த வாரமே தாள் போயாக வேண்டும். தவறினால் அந்த ஆண்டின் வாய்ப்பு, வரிசையில் எங்களுக்கு அடுத்து நின்ற ஊருக்குப் போய்விடும்.

தீர்மானத்தை எதிர்ப்பவர் ஊரில் ஒருவர்கூட இல்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அப்போதிருந்த ஊராட்சித் தலைவர் மேற்குப் பக்கத்துக் கட்சி. அவரை "புது பிரசிடெண்டு" என்பார்கள். அவரிடம் தோற்றவர் கிழக்குப் பக்கத்துக் கட்சி. அவர் "பழைய பிரசிடெண்டு". சொந்தத்தில் பழையவர் மாமன், புதியவர் மருமகன் முறை. பழையவரின் தம்பி பட்டாளத்தில் எல்லையில் நின்றவர். புதியவரோ வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் காகிதக் கொடி வாங்கித் தருபவர். இரண்டு பேருக்குமே பள்ளி வேண்டும், இரண்டு பேருக்குமே நாட்டின்மேல் உயிர். கொடியை யார் ஏற்றுவது என்பதில்தான் முட்டிக்கொண்டார்கள். பதவியில் இருப்பவர் நான் என்றார் புதியவர். இந்தக் கம்பத்தை நட்டதும் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டியதும் என் காலத்தில் என்றார் பழையவர்.

பெரிய டீச்சர் இருவர் வீட்டுக்கும் மாறி மாறி நடந்து ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கயிற்றைப் பிடித்துக் கொடியை விரிப்பது. போட்டோவில் இரண்டு பேரும் இருப்பது. இருவரும் தலையாட்டினார்கள். அன்று சாயங்காலம் டீச்சர் எங்கள் வகுப்புக்குள் வந்து நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா, ஒம்போதாம் வகுப்பு வந்துருச்சுடி பிள்ளைகளா" என்றார். பதினொரு பேரும் பெஞ்சைத் தட்டிய சத்தத்தில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார்.

கொடியை மூட்டையாகக் கட்டும் வேலை என்னுடையது. செவ்வந்தி இதழ்களை உள்ளே வைத்து மடித்து, கயிற்றை இழுத்தால் உடனே அவிழ்ந்துகொள்ளும்படி "உருவு முடிச்சு" போட வேண்டும். ஆட்டுக்குட்டி கட்டிக் கட்டி அந்த முடிச்சு எனக்குக் கைப்பழக்கம். முந்தைய ஆண்டு கொடி உச்சிக்குப் போனதும் காற்றில் தானாக அவிழ்ந்துபோய், பழையவரின் ஆட்கள்தான் ஏதோ செய்துவிட்டார்கள் என்று ஒரு மாதம் பேச்சாகிவிட்டது. அந்தப் பயத்தில் இந்த முறை நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி முடிச்சிட்டேன்.

காலையில் மைதானம் நிறைந்திருந்தது. மூட்டையைக் கப்பிக்கு ஒரு முழம் கீழே வரை ஏற்றி வைத்திருந்தோம். இருவரும் வந்தார்கள். கப்பி வழியாகப் போன கயிறு கம்பத்தின் இந்தப் பக்கம் ஒரு இழையாகவும் அந்தப் பக்கம் ஒரு இழையாகவும் தொங்கும் என்பதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. ஒரு பக்கத்து இழையை இழுத்தால் முடிச்சு அவிழும். மறுபக்கத்து இழையை இழுத்தால் மூட்டை மேலே ஏறும். கிழக்குப் பக்கம் தம் ஆட்களோடு பழையவர் நின்றார், மேற்குப் பக்கம் தம் ஆட்களோடு புதியவர்.

"இங்கிட்டு வாங்க மாமா, இந்தக் கயிறுதான்" என்றார் புதியவர்.

"ஏன், நீ அங்கிட்டுருந்து இங்கிட்டு வந்தா ஆகாதா மாப்ள? காலு சுளுக்கியா இருக்கு?"

இரு பக்கமும் சிரித்தார்கள். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் இருவரில் யாரும் கம்பத்தைச் சுற்றி ஓர் எட்டு வைக்கவில்லை. பெரிய டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உடற்பயிற்சி சார் விசிலை ஊதிவிட்டார். அவரவர் முன்னால் தொங்கியதை அவரவர் பிடித்து, ஒருவருக்கொருவர் சளைக்காமல், பலத்தோடு வெட்டி இழுத்தார்கள். மூட்டை விருட்டென்று மேலே போய்க் கப்பியில் மோதியது. கயிறு பள்ளத்தை விட்டுத் தாவி, கப்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே இறுகிக்கொண்டது. நாலைந்து செவ்வந்தி இதழ்கள் மட்டும் மெதுவாகக் கீழே வந்தன.

"மாமனும் மாப்ளையும் கெணத்துல தண்ணி எறைக்கிறாய்ங்கடோய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வழக்கமான நேரம் வந்துவிட்டதென்று முன்வரிசைப் பிள்ளைகள் நாட்டுப்பண்ணைப் பாடத் தொடங்கிவிட்டார்கள். "கொடி விரியாம பாடக் கூடாது, நிறுத்துங்க!" என்று பழையவர் பக்கம் கத்தியது. "ஆரம்பிச்சதை நடுவுல நிறுத்துனா அது நாட்டுக்கே அவமானம், பாடுங்க!" என்று புதியவர் பக்கம் கத்தியது. இரண்டும் நியாயமாகத்தான் எங்களுக்குப் பட்டது. பாதிப் பேர் நிறுத்தினோம், பாதிப் பேர் பாடினோம். பாடியவர்கள் அழுதுகொண்டே பாடி முடித்தார்கள். என் தோழி பாண்டிச்செல்வி, வகுப்பிலேயே மணிமணியான கையெழுத்துக்காரி, கடைசி வரியை ஒற்றை ஆளாகப் பாடி முடித்துவிட்டு வணக்கம் வைத்தாள்.

பிறகு கம்பத்தில் ஏறி யார் கொடியை இறக்குவது என்று வந்தது. பழையவர் பக்கம் ஓர் ஆளை ஏறச் சொன்னார்கள். "ஒங்க ஆளு காலு கொடிக்கு மேல படுறதுக்கா நாங்க நிக்கிறோம்?" என்றது எதிர்ப்பக்கம். புதியவர் பக்கம் ஏணி கொண்டுவந்தது. அதன் கடைசிப் படியை நான்கு பேர் பிடித்துக்கொண்டு, "மொதல்ல மன்னிப்புக் கேளு, அப்புறம் ஏணியை நிறுத்து" என்றார்கள். எது நாட்டை அவமதித்தது, இந்தப் பக்கத்து இழுப்பா அந்தப் பக்கத்து இழுப்பா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். எல்லையில் நின்ற பட்டாளத்துத் தம்பி பெயர் நான்கு முறை வந்தது. ஒன்பதாம் வகுப்பு ஒரு முறைகூட வரவில்லை.

"கொடிக்கு மரியாதை இல்லாத எடத்துல என்னய்யா தீர்மானம்?" என்று பழையவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "இதையே நான் சொன்னா தப்பாயிருக்கும், நீங்களே சொல்லிட்டீங்க" என்று புதியவரும் கிளம்பினார். மைதானம் காலியானது. ஊராட்சி கிளார்க் மட்டும் தீர்மான நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். பெரிய டீச்சர் அவரிடம் கெஞ்சியதில், "ரெண்டு பேரு கையெழுத்தும் ஒரு தாள்ல இருந்தா மத்தவங்க தன்னால போடுவாங்க டீச்சர். பொழுதுக்குள்ள கொண்டாங்க, நோட்டுல ஏத்திக்கிறேன்" என்றார்.

நாங்கள் பதினொரு பெண்களும் போனோம். யாரும் அனுப்பவில்லை. பாண்டிச்செல்வி தன் கோடு போட்ட நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, தீர்மானத்தை அழகாக எழுதினாள். முதலில் புதியவர் வீடு. அவர் நல்ல மனிதர். எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், படித்துப் பார்த்துத் தலையாட்டினார். "போடுறேன் ஆத்தா. ஆனா மொதக் கையெழுத்து என்னுதா இருக்கணும். நான்தான பிரசிடெண்டு?" பழையவர் வீட்டுக்குப் போனோம். "அவன் பேருக்குக் கீழ நான் போடவா? என் வயசென்ன, அவன் வயசென்ன?"

திரும்பி வரும் வழியில் பாண்டிச்செல்விக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு தாள் எழுதினாள். ஒன்றில் புதியவருக்கு முதல் இடம், மற்றதில் பழையவருக்கு. அவரவர் தாளில் அவரவர் மேலே. இதைவிட நேர்த்தியான திட்டத்தை நான் இதுவரை எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. பழையவர் அதைக் கேட்டுவிட்டு வெற்றிலைச் சிவப்பு தெரியச் சிரித்தார். "யாரு புள்ள இவ? கலெக்டராகுறவ!" என்று சொல்லிப் பேனா மூடியைக் கழற்றினார். பேனா முனை தாளைத் தொட்டது. அப்படியே நிறுத்தி, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"அவன் தாள்ல நான் எத்தனாவது?"

எங்களில் ஒருத்தி பொய் சொல்லியிருக்கலாம். ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. "ரெண்டாவது ஐயா" என்றாள் பாண்டிச்செல்வி. அவர் மூடியைப் பேனாவில் மாட்டி, சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வீட்டுக்குள் போய்விட்டார். தாளில் ஒரு சின்ன நீலப் புள்ளி மட்டும் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் கொடியை இறக்கிவிட வேண்டும் என்பது விதி. பள்ளிக்குத் திரும்பியபோது பெரிய டீச்சர் கம்பத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். மூவர்ணம் எதுவும் தெரியாமல், அழுக்குப் பொட்டலம் போல உச்சியில் கொடி கிடந்தது. சூரியன் தைலமரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கையில், மரக்கிளைகளை எட்டி அறுத்து ஆட்டுக்குக் குழை போடும் "தொரட்டி" இருந்தது. நீள மூங்கிலின் நுனியில் வளைந்த அரிவாள்.

"எறக்கணும், அவ்வளவுதான டீச்சர்?"

"கொடியில பட்டுறாம..."

"ஆட்டுக்குட்டி மேல சிக்குன முள்ளுக்கொடியையே ஒரு கீறல் படாம எடுத்துவிட்டுருக்கேன். நீங்க சும்மா இருங்க."

பக்கத்திலிருந்த இன்னொரு மூங்கிலை அடியில் சேர்த்துக் கட்டி, காலையில் கொண்டுவந்து அங்கேயே போட்டுவிட்டுப் போன ஏணியின் மேல்படியில் ஏறி நின்றுகொண்டு, கப்பிக்குக் கீழே கயிற்றை மட்டும் ஒரே அறுப்பில் அறுத்தாள். மூட்டை விழுந்தது. தொரட்டியைத் தூர எறிந்துவிட்டு முந்தானையை விரித்து அதைப் பிடித்தாள். தரையில் படவில்லை. பிரித்தோம். என் முடிச்சு அவிழவே இல்லை. அதையும் அறுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. பச்சைப் பட்டையின் ஓரத்தில் கப்பியின் கிரீஸும், விரல் நீளத்துக்கு ஒரு கிழிசலும் இருந்தன. டீச்சர் அதை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். சூரியன் அப்போதுதான் முழுதாக மறைந்தது.

சாலையில் போன யாரோ செல்போனில் படம் பிடித்திருக்கிறார்கள். தேசியக் கொடிக்கு நேராக அரிவாளை நீட்டி நிற்கும் ஒரு பெண். படம் விடிவதற்குள் இரண்டு டீக்கடைகளுக்கும் போய்விட்டது. இரு தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் கொடி அவமதிப்புப் புகார் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்; அப்படிக் கொடுத்தால் இழுத்த இரண்டு பேர் மேலும்தான் வழக்கு வரும் என்று விவரம் தெரிந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். இருவருக்கும் மூன்றாவதாக ஓர் ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் டவுன் போலீஸ் ஸ்டேஷனில் அம்மாவோடு நானும் போய் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். "படிக்கத் தெரியுமா?" என்று அம்மாவைக் கேட்டார். "எனக்குத் தெரியாது சார். எம் மக படிப்பா" என்றாள். அந்தக் குரலில், அந்த இடத்திலும், ஒரு பெருமிதம் இருந்தது. அவர் மனுவை என்னிடம் நீட்டி, உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு என்றார். வாசித்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள், தன் அம்மாவுக்கு முதன்முதலாக வாசித்துக் காட்டிய அரசாங்கத் தாள் அதுதான். தேசத்தின் மானத்தை அரிவாளால் அறுத்தவள் என்று அதில் எழுதியிருந்தது. அடியில் புது பிரசிடெண்டின் கையெழுத்தும் பழைய பிரசிடெண்டின் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வரியில் இருந்தன. முந்தைய நாள் முழுக்க நாங்கள் பதினொரு பேர் தெருத்தெருவாக நடந்தும் கிடைக்காதது.

"கொடின்னா என்னன்னு தெரியுமாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"பொழுது சாயுறதுக்குள்ள எறக்கணும்னு டீச்சர் சொன்னாங்க சார். யாரும் எறக்கல. நான் எறக்குனேன்."

அவர் எழுதி வாங்கிக்கொண்டு மதியத்துக்கு மேல் எங்களை அனுப்பிவைத்தார். பெரிய டீச்சர், தான் சொல்லித்தான் அந்த அம்மா செய்தார் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குக் கூலியாக அவருக்கு மாற்றல் வந்தது, தேர்வுக்கு முன்பே. பஸ்ஸில் வரும்போது நான் அம்மாவிடம் அந்தக் கூடுதல் சுற்றைப் பற்றிச் சொன்னேன். என்னால்தான் கொடி விரியவில்லையோ என்று அழுதேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "வெளிய சொல்லித் தொலைக்காத. அதுக்கும் ஒரு மனு எழுதுவாய்ங்க."

ஒன்பதாம் வகுப்பு, வரிசையில் அடுத்து நின்ற ஊருக்குப் போனது. அப்பா, போதும் இந்த வம்பு என்றார். அம்மா சோற்றை அவர் தட்டில் வைத்துக்கொண்டே, "ஸ்டேசன் வரைக்கும் பஸ்ஸேறிப் போயிட்டு வந்துட்டோம். பெரிய பள்ளிக்கூடம் அதுக்கு முந்தின ஸ்டாப்புதான். நான் கூடப் போறேன்" என்றாள். ஒரு மாதம் தினமும் என்னோடு பஸ்ஸில் வந்து, பள்ளி வாசலில் விட்டுவிட்டு, நடந்தே ஊர் திரும்பினாள். பதினொரு பேரில் ஒன்பதாம் வகுப்புப் படித்தவர்கள் மூன்று பேர். பாண்டிச்செல்வி அந்த மூவரில் இல்லை. போலீஸ், மனு என்று பெண்களின் பெயர் அடிபட்டதில் அவள் அப்பா பயந்துவிட்டார். பதினேழு வயதில், உள்ளூரிலேயே, அவளுக்குக் கல்யாணம் ஆனது.

இன்று நான் புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். திங்கட்கிழமைகளில் மனு வாங்கும் மேசையில் உட்காருகிறேன். குடிநீருக்கும் பட்டாவுக்கும் நடுவே, இன்னார் தேசத்தை அவமதித்துவிட்டார், இன்னாருக்கு நாட்டுப்பற்று இல்லை என்னும் மனுக்கள் ஆண்டுக்காண்டு கூடி வருகின்றன. எழுதுகிறவர்கள் பொய்யர்கள் அல்லர். அவர்களுடையது மெய்யான வேதனை. யாருக்கு எதிராக எழுதுகிறார்களோ அவர்களும் இதே மேசைக்கு இதே வேதனையோடு வருகிறார்கள். எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு சென்ற ஆண்டு இரண்டாக உடைந்தது. இரண்டு குழுவுக்கும் முகப்புப் படம் அதே மூவர்ணக் கொடி. இரண்டிலும் இருக்கிறேன். இரண்டிலும் எதுவும் பேசுவதில்லை. நாட்டின்மேல் பற்றில்லாதவர்களால் எங்கள் ஊருக்குப் பள்ளி வராமல் போயிருந்தால் எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்திருக்கும். அவர்களைத் திருத்தலாம், அல்லது திட்டவாவது செய்யலாம். அன்று அந்த மைதானத்தில் அப்படி ஒருவர்கூட இல்லையே. அத்தனை பேரும் நேசித்தார்கள். நேசித்த அத்தனை பேரும் சேர்ந்து இரண்டு ஏக்கர் புறம்போக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியவில்லை. இதற்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியவில்லை; தெரிந்ததாக எழுதவும் மனம் வரவில்லை.

எட்டாம் வகுப்பு வரை இருந்த பள்ளியும் இப்போது இல்லை. ஒன்பதுக்கு எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும் என்று, வசதி உள்ளவர்கள் முதல் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை டவுன் வேனில் ஏற்றினார்கள். எண்ணிக்கை குறைந்து குறைந்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன் மூடிவிட்டார்கள். புறம்போக்கில் தைலமரம் நிற்கிறது. கட்டடம் மட்டும் இருக்கிறது. அதை ஒரு நாள் திறக்கிறார்கள்: ஓட்டுப் போடுகிற நாளில். என் பெயர் இன்னும் அந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. சென்ற தேர்தலில் எங்கள் எட்டாம் வகுப்பு அறைக்கு முன்னால், பெண்கள் வரிசையில், எனக்கு முன்னே பாண்டிச்செல்வி நின்றாள். புடவை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னைக்கு என்னைய இந்த எடத்துக்குக் கூட்டியார ரெண்டு கட்சிக்காரனும் வீட்டு வாசல்ல வண்டி கொண்டாந்து நிறுத்துனான்டி."

"எதுல வந்த?"

"நடந்துதான் வந்தேன்."

இருவரும் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். அவளுடைய மகள், எட்டு வயதிருக்கும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுவரில் கரும்பலகை இருந்த இடம் மட்டும் வெளிறாமல் கறுப்பாகத் தெரிந்தது.

"இது என்ன எடம்மா?"

பாண்டிச்செல்வி குனிந்து மகளின் கையைப் பிடித்தாள். அவள் நகத்தின் மேல் வைத்த மை இன்னும் காயவில்லை.

"ஓட்டுப் போடுற எடம்."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இல்லை, இது பள்ளிக்கூடம் என்று திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பிள்ளை தலையாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டது.